கடைசிப் பாடமும் காடா துணியும்

தமிழ்நாடு அரசின் பதினோராம் வகுப்பு வேதியியல் பாடநூலில் (2018-ல் வந்தது) கடைசி அலகு சுற்றுச்சூழல் வேதியியல். அந்த அலகின் கடைசியில் பசுமை வேதியியல். அதிலும் கடைசியில், அன்றாட வாழ்வில் அது எப்படிப் பயன்படுகிறது என்று ஐந்து எடுத்துக்காட்டுகள். வேதியியலுக்கும் சமூகத்துக்கும் என்ன உறவு, நீடித்த வளர்ச்சியில் அதன் பங்கு என்ன என்று ஒரு பதினாறு வயதுப் பிள்ளை பள்ளியில் தெரிந்துகொள்வது பெரும்பாலும் இந்த ஒரு பக்கத்தை வைத்துத்தான். அதனால் அந்த ஒரு பக்கத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. படிக்கிற இடம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம். இடத்தைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வரும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அந்த அலகின் மற்ற பகுதிகள் மோசமில்லை. ஓசோன் படலம் எப்படி ஓட்டையாகிறது, அமில மழை எப்படி உருவாகிறது, நீரில் ஆக்சிஜன் தேவை என்றால் என்ன என்பதெல்லாம் தெளிவாகவே இருக்கிறது. தமிழும் பழைய பாடநூல்களைவிட மேல். சிக்கல் அந்த ஐந்து எடுத்துக்காட்டுகளில்தான்.

அவற்றின் சாரம் இதுதான்: உலர் சலவைக்கு டெட்ராகுளோரோஈத்தீனுக்குப் பதில் திரவ கார்பன் டை ஆக்சைடு, துணி வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு. காகிதம் வெளுக்கக் குளோரினுக்குப் பதில் அதே பெராக்சைடு. அசிட்டால்டிஹைடை ஈத்தீனிலிருந்து ஒரே படியில், நீர் ஊடகத்தில் தயாரிப்பது. வண்டிகளுக்குப் பெட்ரோலுக்குப் பதில் மெத்தனால். குளோரின் கலந்த பூச்சிமருந்துக்குப் பதில் வேம்பு சார்ந்த மருந்து. எல்லாமே 'இதற்குப் பதில் அது' என்ற அச்சு. ஏன் பதில், யாருக்கு நல்லது, புதியது எதைக் கூடவே கொண்டு வருகிறது என்ற கேள்விகளுக்கு அந்த அச்சில் இடம் கிடையாது.

மெத்தனாலை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் சாதாரண மக்கள் மெத்தனால் என்ற சொல்லைக் கேட்டது பெட்ரோல் பங்கில் இல்லை. 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் 20-க்கும் மேற்பட்டோர் செத்தபோது கேட்டார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் செத்தபோது மறுபடி கேட்டார்கள். உடம்புக்குள் போன மெத்தனால் முதலில் ஃபார்மால்டிஹைடு ஆகிறது, பிறகு ஃபார்மிக் அமிலம். கண் நரம்பைக் கெடுப்பது அந்த அமிலம். ஆல்கஹால் ஆக்சிஜனேற்றம் என்று பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் அதே வினைதான் இது. இப்படி ஒரு பொருளைப் பசுமை எரிபொருள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவதற்கு ஒரு தைரியம் வேண்டும். அதோடு, இன்று உலகில் தயாராகும் மெத்தனாலில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. லிட்டருக்கு அது தரும் ஆற்றல் பெட்ரோலில் பாதி அளவுதான். விவசாயக் கழிவிலிருந்து எடுத்தால் கதை வேறு. அப்படியானால் எதிலிருந்து எடுத்தது என்று சொல்ல வேண்டுமா இல்லையா? நம்மூர்ப் பங்கில் நாம் போட்டுக்கொள்வது எத்தனால் கலந்த பெட்ரோல். கண்ணுக்கு முன்னால் இருக்கும் அந்த எடுத்துக்காட்டு (கரும்பு, தண்ணீர், உணவு தானியம் என்று சண்டை போட எத்தனையோ விஷயம் உள்ளது) அந்தப் பட்டியலில் இல்லை.

அசிட்டால்டிஹைடு இன்னும் வருத்தமான விஷயம். ஏனென்றால் அந்தப் பட்டியலிலேயே மிக நல்ல கதை அதுதான், அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அதே புத்தகத்தில் இரண்டு அலகுகள் முன்னால், ஹைட்ரோகார்பன்கள் பாடத்தில், ஈத்தைனுடன் நீரைச் சேர்த்து அசிட்டால்டிஹைடு பெறும் வினை வருகிறது. வினையூக்கி மெர்குரிக் சல்பேட், அதாவது பாதரச உப்பு. பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். அந்த வினையைத்தான் ஜப்பானில் மினமாட்டா ஊரில் சிஸ்ஸோ நிறுவனம் 1932-லிருந்து 1968 வரை ஆலையில் நடத்தியது. கழிவோடு போன பாதரசம் மெத்தில் பாதரசமாகக் கடலில் கலந்து, மீனில் சேர்ந்து, மீன் தின்ற மக்களின் நரம்பைத் தின்றது. நோய் வெளியே தெரிந்தது 1956-ல். பாடநூல் பசுமை என்று சொல்லும் ஈத்தீன் முறை (பல்லேடியம், தாமிரக் குளோரைடுகள் வினையூக்கிகள்) ஜெர்மனியில் 1950-களின் கடைசியில் வந்தது. பாதரச முறை தொழிலிலிருந்து மறைய அது பெரிய காரணம். ஆக, ஒரே புத்தகத்தில் 13-ஆம் அலகில் நோயும் இருக்கிறது, 15-ஆம் அலகில் மருந்தும் இருக்கிறது. இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்வதே இல்லை! ஒரே ஒரு வாக்கியம் சேர்த்திருந்தால் போதும், அந்தப் பக்கம் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

திரவ கார்பன் டை ஆக்சைடு சலவை பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சாதாரண வெப்பநிலையில் அதைத் திரவமாக வைத்திருக்க 50, 60 மடங்கு வளிமண்டல அழுத்தம் வேண்டும். நம் தெரு முக்கில் இஸ்திரி வண்டிதான் நிற்கிறது. வேம்புக்கு நான் எதிரி இல்லை, அதை விட்டுவிடுகிறேன்.

இப்போது பெராக்சைடு. இங்கேதான் இடம் முக்கியமாகிறது.

ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் போனால் விசைத்தறிச் சத்தம் கேட்கும். அங்கே நெய்வது புடவையோ வேட்டியோ இல்லை, பேண்டேஜ் துணி. மருத்துவமனையில் காயத்தில் சுற்றும் அந்த வலைபோன்ற வெள்ளைத் துணி. தறியிலிருந்து இறங்கும்போது அது வெள்ளையாக இருக்காது. பழுப்பாக, மொரமொரப்பாக இருக்கும். காடா துணி என்பார்கள். அதை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதக்கும். பஞ்சு இழையின் மேல்தோலில் மெழுகும் கொழுப்பும் இருக்கிறது. எடையில் ஒரு சதவீதம்கூட வராது, ஆனால் தண்ணீரை உள்ளே விடாது. போதாததற்கு, பாவு நூல் அறுந்துபோகாமல் இருக்கப் போட்ட கஞ்சி வேறு. இந்தத் துணியைக் காயத்தில் வைத்தால் ரத்தத்தை உறிஞ்சாது.

மருந்தியல் தர நூல்கள் இதற்கு ஓர் அழகான சோதனை வைத்திருக்கின்றன. உறிஞ்சும் பஞ்சைத் தண்ணீரின் மேல் விட்டால் 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும். அவ்வளவுதான். அந்தப் பத்து விநாடிக்குப் பின்னால் இருப்பது முழுக்க வேதியியல். முதலில் கஞ்சியை எடுக்க வேண்டும். பிறகு காஸ்டிக் சோடாக் கரைசலில் வேக வைக்க வேண்டும். கொழுப்பு சோப்பாக மாறும். அந்தச் சோப்பே மெழுகையும் கிளப்பிக்கொண்டு போகும். பன்னிரண்டாம் வகுப்பில் சோப்புத் தயாரிப்பு என்று படிக்கிறோமே, அதுதான் இங்கே துணிக்குள்ளேயே நடக்கிறது. அதன்பிறகு வெளுப்பு. வெளுப்புக்குக் குளோரின் வழி ஒன்று, பெராக்சைடு வழி ஒன்று. சட்டைக்குப் போடுகிற மாதிரி ஒளிர்வெண்மைச் சாயம் போட்டுப் பளபளப்பாக்கித் தப்பிக்கவும் முடியாது. புற ஊதா விளக்கில் பிடித்தால் நீலமாக மின்னும் துணி சோதனையில் தோற்றுவிடும்.

பாடநூல்படி பெராக்சைடு நல்லது, குளோரின் கெட்டது. சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெராக்சைடு ஒரு மூலக்கூறு தன் வேலையை முடித்ததும் மிஞ்சுவது ஒரு மூலக்கூறு தண்ணீர். சுத்தமான கணக்கு. குளோரின் வழியில், 71 கிராம் குளோரினைக் காஸ்டிக் சோடாவில் விட்டால் ஹைப்போகுளோரைட்டு வரும்போதே 58.5 கிராம் சாதாரண உப்பும் வரும். அந்த ஹைப்போகுளோரைட்டு வெளுத்து முடித்ததும் அதுவும் இன்னொரு 58.5 கிராம் உப்பாக மாறும். மொத்தம் 117 கிராம். ஆக ஒரு கிலோ குளோரினுக்கு 1.65 கிலோ உப்பு. தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் வெளியேற்றும் நீரில் கரைந்த திடப்பொருளுக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். இந்த 1.65 கிலோ, உப்பே இல்லாத 785 லிட்டர் தண்ணீரை அந்த வரம்பு வரை கொண்டுபோய் நிறுத்திவிடும். இதில் துணியில் தங்கும் குளோரினை முறிக்கச் சேர்க்கும் மருந்தின் உப்பைக் கூட்டவில்லை. கண்மாயை நம்பி விவசாயம் செய்யும், வானம் பார்த்த விருதுநகர் மாவட்டத்தில் உப்பு என்பது சின்ன விஷயம் இல்லை.

அப்போ பெராக்சைடு ஜெயிச்சாச்சு, இல்லையா? அவ்வளவு சீக்கிரம் இல்லை. ஹைப்போகுளோரைட்டு சாதாரண வெப்பநிலையிலேயே வேலை செய்யும். பெராக்சைடுக்குக் கொதிநிலைக்குப் பக்கத்தில் சூடு வேண்டும், காரம் வேண்டும், அது பாதியிலேயே சிதைந்துவிடாமல் பிடித்து வைக்கப் பெரும்பாலும் சோடியம் சிலிக்கேட் வேண்டும். சூடு என்றால் பாய்லர். பாய்லர் என்றால் விறகு அல்லது வேறு எரிபொருள். காரத்தைக் கடைசியில் அமிலம் விட்டுச் சமன் செய்தால் மறுபடி உப்பு. பெராக்சைடு ஆலையில் தயாராவதற்கு ஹைட்ரஜன் வேண்டும், அந்த ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து. இவ்வளவையும் கூட்டிக் கழித்த பிறகும், வேக வைப்பதையும் வெளுப்பதையும் ஒரே தொட்டியில் முடித்தால் பெராக்சைடு வழியே மேல் என்றுதான் எனக்குப் படுகிறது. தண்ணீரும் ஒரு முறை மிச்சம். ஆனால் அதைக் கணக்குப் போட்டுச் சொல்வதற்கும், 'குளோரினுக்குப் பதில் பெராக்சைடு' என்று எழுதி ஒரு மதிப்பெண் வாங்குவதற்கும் இடையில் இருப்பதுதான் வேதியியல் படிப்பு. பாடநூல் முதலாவதை எடுத்துவிட்டு இரண்டாவதை வைத்திருக்கிறது.

இதற்கு எதிராக ஒருவர் சொல்லலாம்: பள்ளிப் பாடநூலில் ஒரு ஊரின் துணியைப் பற்றியெல்லாம் எழுத முடியுமா, மாநிலம் முழுக்கப் படிக்கும் புத்தகம் அல்லவா என்று. நியாயம்தான். ஆனால் உலர் சலவைக்குத் திரவ கார்பன் டை ஆக்சைடு மட்டும் எந்த ஊர்ப் பிள்ளைக்குச் சொந்தம்? மாநிலம் முழுக்கத் தெரிந்த எடுத்துக்காட்டுதான் வேண்டும் என்றால் அதற்கும் பஞ்சமில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது நொய்யலில் போன உப்புக்காகத்தான். கழிவே வெளியேறாத முறைக்கு மாறிய பிறகு உப்பு ஆற்றுக்குப் போகவில்லை. ஆனால் நீரைக் காய்ச்சி உப்பைப் பிரிக்க எரிபொருள் செலவு. பிரித்த கலப்பு உப்பை மூட்டை மூட்டையாக எங்கே வைப்பது என்ற கேள்வி இன்னும் இருக்கிறது. இன்னொன்று: நீடித்த வளர்ச்சி என்றதும் 1987-ல் வந்த ஐ.நா. குழுவின் அறிக்கையைச் சொல்வது வழக்கம். அந்தக் கருத்தை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது 1996 ஆகஸ்டில், பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகள் மீது வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில். தோல் பதனிடுதலும் குரோமியமும் வேதியியல் இல்லாமல் வேறென்ன? நம் ஆற்றங்கரையில் பிறந்த தீர்ப்பை விட்டுவிட்டு வெளியிலிருந்து வரையறையைக் கடன் வாங்குகிறோம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வந்தால் பால்கோவா. (2019-ல் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று.) பாடநூலில் உணவும் வேதியியலும் சந்திக்கும் இடம் பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி அலகு. அங்கே பேசப்படுவது பதப்படுத்திகள், செயற்கை இனிப்பூட்டிகள். அதாவது உணவில் வேதியியல் என்றால் வெளியிலிருந்து சேர்க்கும் ஏதோ ஒரு பொருள். பாலும் சீனியும் மட்டுமே சேரும் பால்கோவா அந்த அலகுக்குள் நுழையவே முடியாது. ஆனால் அந்தச் சட்டியில் நடப்பதைப் பாருங்கள். பாலின் லாக்டோஸும் புரதத்தின் அமினோ தொகுதியும் சூட்டில் கூடி இளம்பழுப்பு நிறமும் மணமும் தருகின்றன. பிரெஞ்சுக்காரர் மையார் 1912-ல் விவரித்த வினை. சீனி இனிப்புக்கு மட்டும் இல்லை, மிஞ்சிய ஈரத்தைக் கிருமிக்குக் கிடைக்காமல் பிடித்து வைக்கும் பதப்படுத்தியும் அதுதான்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அடுப்பு. பாலில் ஏறக்குறைய 87 சதவீதம் தண்ணீர். 10 லிட்டர் பால் கோவாப் பதத்துக்கு வர 7 கிலோ தண்ணீராவது ஆவியாகணும். கிலோவுக்கு 2,260 கிலோஜூல் வீதம் ஏறக்குறைய 15,800. பாலை முதலில் கொதிக்க வைக்க ஒரு 2,700. மொத்தம் 18,500 கிலோஜூல். காய்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தால் சுமார் 15,000 வரும். ஆக, வெப்பம் அத்தனையும் சட்டிக்குள் போனால் ஒன்றேகால் கிலோ விறகு போதும். திறந்த அடுப்பில் ஐந்தில் ஒரு பங்கு போனாலே அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொண்டால் ஆறு கிலோவுக்கு மேல் வேண்டும். ஊருக்கு மேற்கே மலை, அந்த மலை 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். அடுப்பின் திறனை இருபதிலிருந்து முப்பது சதவீதமாக உயர்த்தினால் விறகில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம், அடுப்படியில் நிற்பவர் மூச்சில் புகையும் குறையும். பதினோராம் வகுப்பு வெப்ப இயக்கவியலில் பிள்ளைகள் போடும் கணக்கைவிட இது எளிது. நீராவிக்குப் போய்விட்டால் என்ன என்று கேட்டால், விறகு அடுப்பின் ருசி வராது என்று ஒரு கட்சி உண்டு. அதையும் வேதியியலாகவே விசாரிக்கலாம்.

கிழக்கே கொஞ்ச தூரத்தில் சிவகாசி. இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், தனிக் கட்டுரைக்கான விஷயம். டெல்லிக் காற்று பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் பேரியம் உப்புகளைத் தடை செய்தது, 2023 செப்டம்பரில் தளர்த்தவும் மறுத்தது. நாக்பூரின் நீரி ஆய்வகம் பசுமைப் பட்டாசு கொடுத்தது. துகள் மாசு 30 சதவீதமாவது குறைய வேண்டும் என்பது அதன் அளவுகோல். வானவேடிக்கையில் பச்சை நிறம் தருவதே பேரியம்தான், பசுமைப் பட்டாசில் அந்தப் பேரியம் கூடாது. இந்த வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். பசுமை என்ற முத்திரை அளப்பது வெடிக்கும் ஊரின் காற்றை. பால் அனஸ்டாஸும் ஜான் வார்னரும் 1998-ல் எழுதிய பசுமை வேதியியலின் 12 விதிகளில் கடைசி விதி, விபத்துக்கே வாய்ப்புக் குறைவான பொருளையும் முறையையும் தேர்ந்தெடு என்பது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் இறந்தது அந்தக் கடைசி விதியின் கீழ் வரும் விஷயம். மருந்து கலக்கும் அறையில் நிற்பவருக்கு 30 சதவீதம் என்ற எண் எதுவும் சொல்வதில்லை. பாடநூலின் ஐந்து எடுத்துக்காட்டுகளைப் போலத்தான் இதுவும்: வாங்குபவர் பக்கத்திலிருந்து பார்த்த பசுமை.

இந்த அலகைத் திருத்தி எழுதுவார்களா? சந்தேகம்தான், ஏனென்றால் காற்று வேறு பக்கம் அடிக்கிறது. மத்தியப் பாடநூலிலிருந்து 2022-ல் சுற்றுச்சூழல் வேதியியல், அன்றாட வாழ்வில் வேதியியல் இரண்டையும் பாடச்சுமை என்று எடுத்துவிட்டார்கள். 2024 நீட் பாடத்திட்டத்திலிருந்தும் இரண்டும் போய்விட்டன. மாநிலப் புத்தகத்தில் இன்னும் இருக்கிறது. ஆனால் நீட் கனவில் இருக்கும் பிள்ளை எதைப் படிக்கும், எதைத் தள்ளும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். கடைசி அலகாக வைத்ததன் பலன் இது. தனியாகக் கடைசியில் ஒட்டி வைத்ததைப் பிய்த்து எடுப்பது சுலபம். மினமாட்டா ஹைட்ரோகார்பன் பாடத்திலும், விறகுக் கணக்கு வெப்ப இயக்கவியலிலும், உப்புக் கணக்கு மோல் கணக்கிலும் இருந்திருந்தால் யாரும் இவ்வளவு சுலபமாகக் கத்திரி வைத்திருக்க முடியாது.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்கு அரசாணை வேண்டாம். ஒரு சுருள் பேண்டேஜ் துணி, ஒரு முழம் காடா துணி. இரண்டிலும் ஒரு துண்டு வெட்டித் தண்ணீரின் மேல் விட்டு விநாடி எண்ணலாம். வெளுத்த துணியைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, அந்த நீரில் ஒரு சொட்டு ஃபீனால்ஃப்தலீன் விட்டால் காரம் மிச்சமிருக்கிறதா என்று தெரியும். இன்னொரு பங்கில் சில்வர் நைட்ரேட் விட்டால் குளோரைடு. எல்லாம் பன்னிரண்டாம் வகுப்பு ஆய்வக அலமாரியில் ஏற்கெனவே இருக்கும் புட்டிகள்தான்.